ஜெஸிந்தாவின் பம்ப்புக்கு நான் தைத்த உறை

ஜெஸிந்தா எங்கள் கிளென்மார்கன் எஸ்டேட்டில் பிள்ளைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். பதினொரு வயதிலிருந்தே சர்க்கரை. இரண்டு முறை கரு கலைந்து, முப்பத்தெட்டு வயதில் மூன்றாவது தங்கி, அப்போது ஐந்தாம் மாதம். தங்கியதற்குக் காரணம் இடுப்பில் செருகியிருந்த இன்சுலின் பம்ப்தான் என்பாள். இரவு பகலாக அதுவே மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் விடும். புருஷன் பவுல்ராஜுக்குத் திருப்பூரில் வேலை. துணை என்றால் அந்தப் பம்ப்பும், பக்கத்து வீட்டிலிருக்கும் நானும்தான்.

நான் சுகந்தி. தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும், சொல்லட்டும்.

பம்ப்பில் ஒரு பேட்டரி போட்டால் மூன்று வாரம் ஓடும். ஜூன் மழை பிடித்ததும் மூன்றே நாளில் தீர ஆரம்பித்தது. போலி பேட்டரியா விற்கிறாய் என்று ஊட்டி மார்க்கெட் கடைக்காரரை நான் பிடித்த பிடியில், அவர் வேறு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். அதுவும் மூன்று நாள்தான். ஒரு காலையில் பம்ப் அடியோடு அணைந்துவிட்டது. ஜெஸிந்தா பழையபடி ஊசிக்குத் திரும்பினாள். சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக ஆளே ஒடுங்கிப்போனாள்.

வாரண்டி நான்கு வருடம். முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மாற்றித் தராமல் விடுவேனா என்று அவளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் சர்வீஸ் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே டெனின் என்ற இளைஞர் பேட்டரி மூடியைத் திருகித் திறந்தார். ஸ்பிரிங் பச்சை பிடித்துக் கிடந்தது. மூடியின் ரப்பர் விரிசல் விட்டிருந்தால் தப்பு கம்பெனியுடையது, புதுசு தருவோம். நீங்களாக ஈரத்தில் வைத்திருந்தால் கிடையாது என்றார். எதற்குள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஜெஸிந்தா வாயைத் திறக்குமுன் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒரு சொட்டு மழை பட்டதில்லைங்க. தேயிலைச் சாக்குக்குள்ள வெக்கற வெள்ளித்தாள்ல போன மாசம் நானே உறை தெச்சுக் குடுத்தேன். அதுல தேயிலைத் தூளே நமத்துப் போகாது, இது போயிருமா?”

உறையை மேசைமேல் போட்டேன். அவர் உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் நனைந்திருந்தது. மழை உள்ளே போகவில்லைதான். அவள் உடம்பு வேர்வை வெளியே வரவும் வழியில்லை. அதிலேயே புழுங்கிக் கெட்டிருக்கிறது என்று மெதுவாகச் சொல்லி, வாரண்டித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டத்தட்ட நான்கு வருடம் ஓடியதை ஒரே மாதத்தில் கெடுத்தவளும் நான், அதற்குச் சாட்சி சொன்னவளும் நான்.

உறையைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஊட்டி பஸ் ஏறினோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது ஜெஸிந்தா சொன்னாள்.

“உங்க மேல கோவந்தானுங்கக்கா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சர்க்கரை இப்படி ஏறி எறங்கறதுல, ஊசி எடுத்தா எனக்குக் கை நடுங்குது. புள்ள பொறக்கற வரைக்கும் நாலு வேளையும் நீங்கதான் வந்து போடோணும்.”

ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜென்மம் நான். தலையாட்டினேன். மறுநாள் காலை நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி அவள் வயிற்றுச் சதையைப் பிடித்தேன். உள்ளே பிள்ளை உதைத்தது என் விரலில் தெரிந்தது. குத்தினேன்.