ராசு அனுப்பிய நம்பர்

டொராண்டோவில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றின் கவுன்டரில் நான் நின்ற முதல் நாள், ஒரு வெள்ளைக்காரர் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து, தன் காருக்கு வாட்டர் பம்ப் வேண்டும் என்றார். நான் அவர் கையைப் பார்த்தேன், கக்கத்தைப் பார்த்தேன். "பழைய சாமான் எங்கே?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். பழையதைத் தந்தால்தான் புதியது தருவேன் என்று நான் அடம்பிடிப்பதாக நினைத்து, அவர் மனேஜரைக் கூப்பிடச் சொன்னார். இலங்கை மலையகத்தில், எங்கள் கொட்டகலையில், கழற்றிய சாமானைப் பேப்பரில் சுற்றி, எண்ணெய் வடிய வடிய மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கண்டிக்கோ கொழும்புக்கோ போவோம். கடைக்காரர் எடுத்துத் தரும் புதியதை அதன்மேல் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவோம். இங்கே சாமானை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. வண்டியின் பெயரையும் வருடத்தையும் எஞ்சின் அளவையும் கம்ப்யூட்டரில் தட்டினால் படத்தோடு அந்தச் சாமானின் நம்பர் வந்து விழுகிறது.

அந்த வித்தையைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். ஊருக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். குறிப்பாக ராசுவின் காதில் விழ வேண்டும் என்பதற்காக. ராசுவும் நானும் கொட்டகலை பஜாரில் ஒரே கராஜில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் கிளம்பி வந்துவிட்டேன். அவன் அங்கேயே இருந்து அந்தக் கராஜையே எடுத்து நடத்துகிறான். என் அண்ணனின் வேனைப் பார்ப்பவனும் அவன்தான். வேனை மட்டுமா? அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது ராசு. காற்றில் எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரம் தூக்கினால் ஏறி ஆணி அடிப்பது ராசு. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் என் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் ராசு. நன்றிகெட்ட நினைப்பு என்று தெரியும். இருந்தும் எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

நான் வந்து பத்து வருடம் ஆகியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனோடு பேசினேன்.

"தம்பி, வேனுல கிளட்ச் பிளேட்டு போயிருச்சுப்பா. ராசு கொழும்புல தேடிப் பாக்குறேங்கிறான்."

"அவன் எதுக்குத் தேடணும்? நான் இங்கேருந்து அனுப்புறேன். வண்டி என்ன வருசம்?"

"தொண்ணூத்தெட்டு."

இரண்டு கிழமை லீவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் தொடங்கும்போது வேன் ஓடியாக வேண்டும். கொட்டகலை ஸ்டேஷனிலிருந்து ஏழு டீச்சர்மாரைத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குவதுதான் அண்ணனின் நிரந்தர வாடகை ஹயர். அதில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. நான் மறுநாளே கேட்டலாக்கைத் திறந்து, பெயரையும் வருடத்தையும் தட்டி, பெட்டி பளபளவென்று மின்னும் ஒரு பிளேட்டை விமானப் பார்சலில் அனுப்பிவைத்தேன்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் ராசுதான் போனில் வந்தான். "டேய், பிளேட்டு பெரிசா இருக்குடா. நடு ஓட்டையில பல்லும் கூடுதல். இது பெட்ரோல் வண்டிக்கு உள்ளது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. ஊரில் ஓடுகிற வேன்கள் முக்கால்வாசி ஜப்பானில் ஓடி முடித்துக் கப்பலில் வந்தவை. ஆனால் நம் ஆட்கள் வண்டியின் வயதை இலங்கையில் பதிந்து நம்பர் போட்ட நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அண்ணனின் வேன் ஜப்பானில் செய்யப்பட்டது தொண்ணூற்றிரண்டில், அதுவும் டீசல் வண்டி. தேநீர்க்கடையில் வாய் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதியை, அதே வேன்களுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பழகிய நான் மறந்துபோனேன். கனடாவில் வருடம் என்றால் செய்த வருடம். அந்தப் புத்தி எனக்குள் எப்போது ஏறி உட்கார்ந்தது என்றே தெரியவில்லை. "விடுடா, தூரத்துல இருந்து பாக்குறப்ப அப்புடித்தான்" என்றான் ராசு. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை ராசுவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில். அவனுக்கு மின்னஞ்சல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வேனின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டைத் துடைத்து, அதிலுள்ள பிரேம் நம்பரை எழுதிக்கொண்டு ஹட்டனில் இன்டர்நெட் உள்ள கடைக்குப் போயிருக்கிறான். ஜப்பான் வண்டிகளுக்கான கேட்டலாக்கை அவனே தேடிப் பிடித்து, அந்த நம்பரைத் தட்டியிருக்கிறான். எந்த மாதம் செய்த வண்டி, என்ன எஞ்சின், என்ன கியர்பாக்ஸ், பிளேட்டின் நம்பர் என்ன என்று எல்லாம் எடுத்துவிட்டான். "கொழும்புக் கடையில ஒரு பிளேட்டு இருக்கு. அளவு சரி, பல்லும் சரி. ஆனா பெட்டியில உள்ள நம்பர் வேற. பழசை நிப்பாட்டிட்டு கம்பெனி போட்ட புது நம்பருன்னு கடைக்காரரு சொல்றாரு. நீ பாத்துச் சொல்லுடா. நீ சரின்னாத்தான் வாங்குவேன். திங்கக்கிழம ஸ்கூல் தொடங்குது" என்று எழுதியிருந்தான்.

எங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே பார்த்தேன். பழைய நம்பருக்கு நேரே புதிய நம்பர் இருந்தது. விட்டம், பல் எண்ணிக்கை எல்லாம் அச்சாகப் பொருந்தின. பார்த்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'சரி, வாங்கு' என்று இரண்டு சொல் எழுதினால் போதும். நான் எழுதவில்லை. கவுன்டரில் ஆள் நிற்கிறது, பிறகு எழுதலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். உண்மை வேறு. பத்து வருடம் இதே வேலையாக இருக்கும் நான் தவறவிட்டதை, ஹட்டன் கடையொன்றில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து அவன் பிடித்துவிட்டான். அவன் பிடித்தது சரி என்று எழுத என் கை வரவில்லை. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை அவன் அனுப்பிய நம்பரில் ஏதாவது ஒரு பிழை அகப்படாதா என்று மறுபடி தேடினேன், வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் பதில் போட்டேன். அப்போது இலங்கையில் இரவாகிவிட்டது.

திங்கட்கிழமை பிளேட்டை வாங்கி, செவ்வாய்க்கிழமை காலையில் ராசு வேனை ஓடவைத்துவிட்டான். ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே டீச்சர்மார் பக்கத்து ஊரான வட்டகொடையின் வேன்காரர் ஒருவரோடு வருடம் முழுவதுக்கும் பேசிவிட்டார்கள்.

"பரவாயில்ல தம்பி, கெடக்குது" என்றான் அண்ணன் போனில். "நீ நல்லாப் பாத்துச் சொன்னதால பிளேட்டு கச்சிதமா உக்காந்துருச்சு. நான்தான் வெள்ளிக்கிழமயே ஒனக்குப் போன் போடுவோம்னேன். ராசு விடல. ஒரு தடவ தப்பாப் போச்சு, இப்ப பயந்து பயந்து பாப்பான், அவசரப்படுத்தாதீங்க அண்ணேன்னான்."

எனக்காக அவன் வக்காலத்து வாங்கியிருக்கிறான். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. அப்படிப்பட்ட மனசு அவனுக்கு வாய்த்திருக்கிறதே என்று. அண்ணனிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "அம்மா பேசணுமாம்" என்று போனைக் கைமாற்றிவிட்டான். அதன்பிறகு எத்தனையோ தடவை பேசியாயிற்று, இன்னும் சொல்லவில்லை. வேன் இப்போது கல்யாணம், திருவிழா என்று எப்போதாவதுதான் வெளியே போகிறது. ராசு மட்டும் கராஜுக்கு வரும் வண்டிகளுக்காகக் கிழமைக்கொரு நம்பர் அனுப்பி, சரியா என்று கேட்கிறான். வந்த கையோடு பதில் போட்டுவிடுகிறேன்.

போன மாதம் நாங்கள் வேறு அடுக்குமாடிக்கு மாறினோம். கார் நிறுத்த அனுமதி வாங்க ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தேன். கட்டடப் பொறுப்பாளர் போலந்துக்காரர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இந்த வண்டி ஓடுகிறதா? சும்மா நிற்கும் வண்டிக்கு இங்கே இடம் தரமாட்டோம்" என்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். "ஓடும்" என்றேன். அவர் படிவத்தை மறுபடி பார்த்தார். "இது ஒன்டாரியோ நம்பர் இல்லையே. வண்டி எங்கே நிற்கிறது?"

எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில், அண்ணனின் வேன் நம்பர்.

"வீட்டில்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் விரலால் மேல்மாடியைக் காட்டி, "வீடு இதுதானே?" என்றார். பிறகு இன்னொரு படிவத்தை எடுத்து நீட்டினார். என் காரின் நம்பர் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதைப் பார்த்து எழுதிவர, பேனாவோடு படியிறங்கிப் போனேன்.