குளிரில் கொதித்த வான்

நடைபாதையில் உப்புத் தூவியும் கால் வழுக்கிய ஒரு குளிர்கால ஞாயிறு. பாரிஸ் லா ஷப்பலில் நானும் கணவரும் நடத்தும் சாப்பாட்டுக் கடையிலிருந்து, பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்தியச் சடங்குக்கான சாப்பாட்டை எங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறநகரான திரான்சிக்குப் புறப்பட்டோம். அவர்தான் ஓட்டினார்.

பாதி வழியில் வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. வானை ஓரம்கட்டி என்ஜினை நிறுத்தினார்.

"இந்தக் குளிருக்கை என்ஜின் கொதிக்குமே? முள்ளுத்தான் பழுது."

எனக்கோ பாதங்கள் விறைத்திருந்தன. கொஞ்ச நேரமாகவே ஹீட்டரிலிருந்து குளிர்காற்றுத்தான் வந்துகொண்டிருந்தது. ஹீட்டருக்குச் சூடு கொடுப்பது என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் என்று, லைசென்ஸ் எடுக்கும்போது பிரெஞ்சில் பாடமாக்கியிருந்தேன்.

"முள்ளு பழுதில்லையப்பா. உள்ளுக்கை தண்ணி ஓடேல்லை."

இறங்கி முன்மூடியைத் திறந்தார். ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனவரின் கையைப் பிடித்தேன்.

"திறக்காதேங்கோ, ஆவி அடிச்சுப்போடும்!"

ரேடியேட்டரின் மேல் குழாய் கையுறைக்குள்ளும் சுட்டது. கீழ்க் குழாய் சில்லென்றிருந்தது. அமுக்கினேன், உள்ளே நொறுநொறுத்தது.

"கோடையிலை தண்ணி குறைஞ்சபோது இதுக்குள்ளை என்ன விட்டனீங்கள்?"

"பைப் தண்ணிதான். ஏன்?"

"அதுதான் உறைஞ்சிட்டுது."

அவரும் அமுக்கிப் பார்த்தார். "ஓம், ஐஸ்தான்," என்றார். பிறகு, "இனி என்ன செய்வம்?" என்று என்னைக் கேட்டார். வாகன விஷயத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

எதிரே ஒரு பேரங்காடி. என்ஜின் ஆறியதும் அதன் நிலத்தடித் தரிப்பிடத்துக்கு வானை மெல்ல இறக்கச் சொன்னேன். அங்கே குளிர் இல்லை. கீழ்க் குழாய் இளகும்வரை காத்திருந்தோம். எங்கும் ஒழுகவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மேலே கடையில் வாங்கிவந்த, குளிரில் உறையாத திரவத்தைக் குறைந்த அளவுக்கு ஊற்றி, குளிர்காற்று நேரே அடிக்காதபடி ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் செருகினேன். என்ஜினை முடுக்கியதும் ஹீட்டரில் சூடு வந்தது. முள்ளிலிருந்து கண்ணெடுக்காமல் போய்ச் சேர்ந்தோம். பந்திக்கு இன்னும் நேரமிருந்தது.

மண்டப வாசலில் நின்றவர்களிடம், "வானைத் திருத்தினது என்ரை மனுசி!" என்று அவர் சத்தமாகச் சொன்னார். கேட்காதவள்போல் சட்டிகளை இறக்கினேன். சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

மறுநாள் பொண்டியிலுள்ள கராஜில் திரவம் முழுவதையும் மாற்றினார்கள். வேறு பழுதில்லை என்றார்கள்.

அன்று மாலை கனடாவிலிருக்கும் அக்காவுக்கு நானாகவே போன் எடுத்தேன். "பாரிஸ் குளிரும் ஒரு குளிரே?" என்று எப்போதும் என்னை மட்டம் தட்டுகிறவள், குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள்.

பிறகு மெல்லக் கேட்டாள்: "அட்டையை எவடத்திலை வைச்சனீ?"