கண்ணாடிக்குள் போன எங்கள் தெருச் சிலுவை

உங்கள் பெரிய அத்தை, என் அக்கா, இறந்த அன்று நான் மியூசியத்தில் சண்டை போட்டதாக ஊரில் சொல்வார்கள். போட்டேன். ஏன் போட்டேன் என்பதை நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

நம் பங்குக் கோவிலில் வெள்ளிச் சிலுவை ஒன்று உண்டு. மிராசுதார் தெருவில் சாவு என்றால் சவப்பெட்டிக்கு முன்னால் அது போகும். நம் தெருவுக்கு அந்தக் காலத்தில் வராது. ஞானஸ்நானம் ஒன்றுதான், பூசை ஒன்றுதான், சாவு மட்டும் வேறாம்! அதனால் நம் ஆட்கள் ஒடிந்த ஏர்க்காலை இழைத்துத் தங்களுக்கென்று ஒரு சிலுவை செய்துகொண்டார்கள். நம் தெருவில் யார் கல்லறைக்குப் போனாலும் அதுதான் முன்னால் போனது.

கழக ஆட்சி வந்த புதிதில், கூலி கூட்டிக் கேட்டு நம்மவர்கள் அறுவடைக்கு இறங்கவில்லை. மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அப்போது அந்தச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போய் நின்றவள் உங்கள் அத்தை. போலீஸ்காரர் தள்ளியதில் முன்பல் ஒன்று போயிற்று. சிலுவையை அவள் விடவில்லை.

பல வருஷம் கழித்து, பங்குச் சாமியார் முன்பு குடியிருந்த பங்களாவில் கோவில் சார்பில் மியூசியம் வைத்தார்கள். “செல்லரிச்சுப் போயிடும், இங்க பத்திரமா இருக்கட்டும். இதுவும் கோவில் எடம்தான்” என்று அப்போதிருந்த சாமியார் கேட்டார். கொடுத்தோம். சாவு விழுந்தால் எடுக்க விடுவீர்களா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் பொருளை எடுக்க நாமே அனுமதி கேட்கவேண்டி வரும் என்று யார் நினைப்பார்கள்?

அத்தை இறந்த காலையில் போய்க் கேட்டேன். மியூசியத்துக்குப் பொறுப்பு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மிராசுதார் தெருக்காரர்.

“ரிஜிஸ்டர்ல ஏறின பொருளப்பா. வெளிய போகணும்னா பிஷப் இல்லத்துக்கு எழுதணும். பத்து நாள் ஆகும்.”

“பத்து நாள் பொணத்த எங்க சார் வைக்கிறது?”

“அதான் வெள்ளிச் சிலுவை இருக்குல்ல, எடுத்துட்டுப் போ. இப்பல்லாம் உங்களுக்கும் குடுக்குறோம்ல?”

குடுக்கிறார்களாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “உங்க வெள்ளிய யாருங்க கேட்டா? எங்களோடதக் குடுங்க” என்று கத்தினேன். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அழுதுகொண்டிருந்த உங்கள் அம்மா கண்ணைத் துடைத்தாள். “சிலுவை வெளிய வரக் கூடாது, அவ்வளவுதானே? உங்க அக்காவ உள்ள கொண்டுபோவோம். பாக்க வர்றவங்கள வேணாம்பாரா?”

பெட்டியைத் தூக்கினோம். வாசலில் பார்வையாளர் நோட்டு வைத்திருந்த மேசையைப் பெண்கள் நகர்த்திப் போட்டார்கள். கண்ணாடி அலமாரிக்கு எதிரே தரையில் பெட்டியை இறக்கினோம்.

“இது பொணம் வைக்கிற எடமா?” என்று தலைமை ஆசிரியர் பதறினார்.

“செத்தவங்க சாமானாத்தானே சார் வச்சிருக்கீங்க? இப்ப ஆளே வந்திருக்கு, பாத்துக்குங்க” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு இப்போதைய சாமியார் ஓடி வந்தார். சின்ன வயது. பெட்டியையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

“சாவியக் குடுங்க சார்.”

“சாமி, சட்டம் இருக்கு...”

“எழுதினது நாமதானே சார். குடுங்க.”

அவரே திறந்து, சிலுவையை எடுத்து என் கையில் கொடுத்தார். அத்தைக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு கல்லறை வரைக்கும் நடந்தேன்.

சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோனபோது, அடியில் ஒட்டியிருந்த கல்லறை மண்ணைக் காட்டி, “சேதம்னு எழுதணும்” என்றார் தலைமை ஆசிரியர். “எழுதிக்குங்க” என்றேன்.

இப்போது அலமாரிச் சாவி கோவில் ஆணியில் தொங்குகிறது. சாவு வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சாமியார் பூசையிலேயே சொல்லிவிட்டார். நல்ல மனுஷர். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கிப் போய் மியூசியத்துக்கு நடுவில் வைத்தால்தான் நம்முடையது நம்முடையது என்று இவர்களுக்குத் தெரியுமா?

என் சாவுக்கு நீங்கள் யாரிடமும் எழுதிக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். போய் எடுத்து வாருங்கள்.