ஒன்பதாவது ஆளைப் பற்றி ஒரு துணைக் கேள்வி

குளச்சலில் இருந்து போன ஒரு விசைப்படகு ஒரு மாதத்துக்கு மேலாகியும் திரும்பவில்லை. அதில் போன ஒன்பது பேரில் ஒருவர் ஏசுதாசன். அவருடைய மனைவி ஸ்டெல்லா ஒரு நாள் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார்.

நாகர்கோவிலில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். வக்கீல் தொழிலை விட்டு வந்த தங்கையா சார் தலைவர். நான் டைப்பிஸ்ட். நம் எம்.பி.க்கள் எத்தனை நாள் அவைக்குப் போனார்கள், என்ன கேட்டார்கள், மந்திரி என்ன பதில் சொன்னார் என்று பார்த்து மாதம் ஒரு நாலு பக்கத் தாள் போடுவோம். நூலகம், தேவாலயம், பள்ளிவாசல் என்று பல இடங்களுக்குப் போகும். இதே வேலை செய்யும் குழுக்கள் வெளிநாடுகளிலும் உண்டு. 2006 வாக்கில் அவர்களுடைய மெயில் குரூப்பில் நாங்களும் சேர்ந்தோம். வருகைப் பதிவை எப்படிக் கணக்கிடுவது, கமிட்டி அறிக்கை எங்கே கிடைக்கும், இந்தப் பேச்சுதான் அதில் ஓடும். நான் மேலோட்டமாகப் படித்துவிட்டு மூடிவிடுவேன்.

ஸ்டெல்லா கையில் எங்கள் தாள்தான் இருந்தது. படகைப் பற்றி நம் எம்.பி. ஏற்கெனவே கேட்டிருந்தார். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்பது பதில். அதைத் தமிழில் எழுதியது நான்.

"கோயில்ல வச்சுப் படிச்சேன் அக்கா. திரட்டி முடிச்சாச்சான்னு கேக்க வந்தேன்" என்றார். "ஏதோ தீவுக்காரன் பிடிச்சு வச்சிருக்கான்னு பறையுதாவ. ஆளு உயிரோட இருக்கா இல்லியான்னு ஒருத்தரும் சொல்லல்ல."

அவர் போன பிறகு, வேறு வழி தெரியாமல் படகைப் பற்றி மெயில் குரூப்பில் எழுதிப் போட்டேன்.

மறுநாள் ஒரு தீவு நாட்டிலிருந்து ஷாண்டால் என்ற பெண் பதில் போட்டிருந்தாள். அவளும் எங்களைப் போலவே அந்த நாட்டு நாடாளுமன்றத்தைக் கவனிக்கிறவள். "துறைமுகத்தில் ஒரு இந்தியப் படகு நிற்கிறது. வேலைக்கு வரும்போது பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கிறேன். அதில் வந்தவர்கள் எங்கே என்று எங்கள் அவையில் இதுவரை யாரும் கேட்கவில்லை."

தங்கையா சாரிடம் காட்டினேன். அவர் தயங்கினார்.

"மேரி, நாம கேள்வி கேக்குறவங்க இல்ல, கேட்டாங்களா இல்லியான்னு பாக்குறவங்க. இன்னொருத்தன் சபையில போய் கைய விடப்பிடாது, கேட்டியா?"

ஷாண்டாலின் குழுவுக்கும் அதே விதிதான். அதை மீறாமலே அவள் ஒரு வேலை செய்தாள். அந்த வாரத் தாளில் இரண்டு வரி போட்டாள்: "ஒன்பது பேருடன் வந்த இந்தியப் படகு துறைமுகத்தில் நிற்கிறது. இந்தக் கூட்டத்தொடரில் அவர்களைப் பற்றிக் கேட்ட உறுப்பினர் யாரும் இல்லை."

சார் அதை இரண்டு முறை படித்தார். "இதுல ஒரு பொய்யும் இல்ல. கேளுன்னும் எங்கயும் சொல்லல்ல. கெட்டிக்காரிதான்" என்று சிரித்தார்.

அதைப் படித்துவிட்டு அந்த நாட்டு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேள்வி கொடுத்தார். அவர்கள் அவை ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பாகும். கேள்வி எடுக்கப்படும் நாளில் எங்கள் எண்ணுக்குப் போன் போட்டு, ரிசீவரை ரேடியோ பக்கத்தில் வைப்பதாக ஷாண்டால் சொன்னாள்.

ஸ்டெல்லாவும் அந்தப் படகில் போன மற்ற எட்டுப் பேரின் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஸ்பீக்கரைப் போட்டேன். ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து மந்திரியின் குரல் ஆங்கிலத்தில் வந்தது. படகு எல்லை தாண்டி வந்தது, ஆட்கள் காவலில் நலமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பெயர்களைப் படித்தார். எல்லாப் பெயரும் அவர் வாயில் உருமாறித்தான் வந்தது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் "எனக்க மாப்பிள்ள", "எனக்க மோன்" என்றாள்.

எட்டுப் பெயரோடு நின்றுவிட்டது. ஏசுதாசன் பெயர் வரவில்லை.

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அப்போது அந்த உறுப்பினரே மறுபடி எழுந்தார். பதில் கிடைத்த பின் அதே இடத்தில் கேட்பதைத் துணைக் கேள்வி என்போம்.

"வந்தவர்கள் ஒன்பது பேர் என்று வாரத் தாளில் அச்சிலேயே இருக்கிறது. மந்திரி எட்டுப் பெயர் படித்தார். ஒன்பதாவது ஆள் எங்கே?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மந்திரி சொன்னார்: "ஜெசுடேசன். கால் முறிவு. அரசு மருத்துவமனையில் தேறி வருகிறார்."

தமிழில் சொன்னேன்.

"காலுதானே" என்றார் ஸ்டெல்லா. பிறகு தரையில் உட்கார்ந்து மறுபடியும், "காலுதானே அக்கா" என்றார். அப்புறம், "எழும்பிக் கேட்டாரே, அந்த சாருக்கு நம்மளத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"நமக்கு அங்க ஓட்டும் இல்லேல்லா?"

அதுவரை எத்தனையோ பதில்களைத் தாளில் படித்து டைப் அடித்திருக்கிறேன். ஒரு பதில் வந்து விழுகிற இடத்தில் நான் நின்றது அன்றுதான். கடலுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் எழுந்து நிற்கிறார், இந்தப் பக்கம் ஒரு பெண்ணுக்கு மூச்சு வருகிறது. நான் பார்த்துவந்த வேலை இவ்வளவு பெரியதா என்று பிரமிப்பாக இருந்தது.

அந்தப் பதிலை எங்கள் தாளில் போட்டோம். நம் எம்.பி. அதை வைத்து மறுபடி கேட்டார். சில மாதங்களில் ஒன்பது பேரும் வந்து சேர்ந்தார்கள், ஏசுதாசன் ஊன்றுகோலோடு.

அடுத்த வருடம் ஷாண்டாலிடமிருந்து ஒரு மெயில். அவள் நாட்டுப் பையன் ஒருவன், விசா முடிந்து, நம் மாநிலத்தில் காவலில் இருக்கிறான். வீட்டுக்கு ஒரு தகவலும் இல்லை. இந்த முறை இரண்டு வரியையும் தங்கையா சாரே எழுதினார்.

தாள் வெளிவந்த பிறகு குளச்சலில் எம்.பி. கலந்துகொண்ட ஒரு கூட்டம். நானும் போயிருந்தேன். பெண்கள் வரிசையிலிருந்து ஸ்டெல்லா எழுந்து அந்தப் பையனைப் பற்றிக் கேட்டார். எம்.பி.க்குப் புரியவில்லை.

"ஏம்மா, அந்தப் பையன் உங்களுக்கு யாரு?"

"ஆரும் இல்ல சார். அவனுக்கு இங்க ஆரும் இல்லாததுனாலதான் கேக்குதேன்."

எம்.பி. உதவியாளரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கூட்டத்தொடரிலேயே கேள்வி வந்தது, பதிலும் வந்தது. பையன் ஊர் போய்ச் சேர்ந்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். வெளிநாட்டுக் குழுவிலிருந்து மெயில் வந்தால் அன்றே பதில் போடுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றாவது போடுங்கள். அதை எழுதியவருக்குப் பக்கத்தில் யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.