நாற்பத்தெட்டாவது திரை

நாற்பத்தெட்டு திரைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நீல நிறப் பிளக், ஒவ்வொரு பிளக்கிலும் இரண்டு திருகுகள். ஆகத் தொண்ணூற்றாறு. நகரின் பெரிய பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று காட்டும் திரைகள் அவை. பத்தொன்பது ஆண்டுகளாக அவற்றைப் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு பெண். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் ஸ்கிரீன்காரம்மா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்பார்கள்.

வயது ஐம்பத்திரண்டு. கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். பாக்கெட் வைத்த சீருடையை நிர்வாகம் ஆண்களுக்கு மட்டும்தான் தைத்துக் கொடுத்தது. ஏணியில் ஏறினால் இரண்டு கையும் வேண்டும். ஆகவே கொண்டை.

அவருடைய வேலை முறையை யாரும் எழுதி வைக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக ஒரு வயர் ஓடும். வயரின் இரண்டு முனையிலும் திரையின் எண்ணைப் பேனாவால் எழுதி, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் ஒட்டியிருப்பார். அலுவலகம் கொடுக்கும் லேபிள் வெயிலில் உரிந்துவிடும்; பிளாஸ்திரி உரியாது. திரை மினுக்கினால் ஏணியைச் சாய்த்து ஏறுவார். கண்ணால் பார்க்காமலே திரைக்குப் பின்னால் கையை விட்டு, திருகைத் தளர்த்தி, பிளக்கை ஓர் இழு இழுத்து, மறுபடி செருகி, மூன்றரைச் சுற்று முறுக்குவார். பத்தில் ஒன்பது முறை சரியாகிவிடும். பத்தாவது முறை திரையையே மாற்றுவார். ஒன்று அணைந்தால் அணைந்தது அந்த ஒன்றுதான். மற்ற நாற்பத்தேழும் தம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

நாற்பத்தெட்டாவது திரை பின்வாசலில் இருந்தது. அதற்கு நேர் எதிரே ஊழியர் குடியிருப்பு. தரைத்தளத்தில் இரண்டு அறை கொண்ட வீடு அவருடையது. வேலை இருக்கும்வரை அவருடையது. ஜன்னலோரம் ஒரு மர நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருப்பார். ஒரு காலத்தில் இதே நிலையத்தில் ஓட்டுநர். ஐந்து வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் போனது, பேச்சும் குழறியது. ஃபோனில் ஒரு பொத்தானை மட்டும் இடது கட்டைவிரலால் அழுத்துவார். ஒரு மணி அடித்து நின்றால் தண்ணீர். இரண்டு மணி என்றால் கழிப்பறை. ஸ்கிரீன்காரம்மா எடுத்துப் பேச மாட்டார். எண்ணிவிட்டு, நான்கு நிமிடத்தில் வீட்டில் இருப்பார்.

மற்ற நேரமெல்லாம் கணவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த வண்டி தாமதம் என்பது மேலாளருக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் வயரின் முனை எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் முழுவதற்கும் ஒரு தரம் வகுத்திருக்கிறார்கள். அந்தத் தரம் மாறியது. எங்கோ கூடிப் பேசியவர்கள் பழைய பதினைந்து ஊசி நீலப் பிளக்குக்கு விடை கொடுத்துவிட்டு, கட்டைவிரல் அகலத்தில், ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டிய ஒரு கறுப்பு முனையைக் கொண்டுவந்தார்கள். முழுக்க டிஜிட்டல். செய்தி இந்த நிலையத்துக்கு வந்து சேரப் பல வருடம் ஆனது. வந்தபோது நாற்பத்தெட்டு புதிய திரைகளும், அவற்றோடு ஒரு கம்பெனி இன்ஜினியரும் சேர்ந்து வந்தார்கள்.

மேலாளர் அறை மேசைமேல் புதிய வயரை வைத்து இன்ஜினியர் பாடம் எடுத்தார். ஸ்கிரீன்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல திருகு எங்க சார்?"

"திருகே கிடையாதும்மா. உள்ள தள்ளினா கிளிக்னு ஒரு சத்தம் வரும். வந்தா மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம்."

"சத்தமா? இந்த ஸ்டாண்டுல என்னை மைக்குல கூப்பிட்டாலே எனக்குக் கேக்காது. கிளிக்கா கேக்கப் போவுது?"

மேலாளர் சிரித்தார். இன்ஜினியரும் சிரித்தார். "மாட்டுறது ஈஸி. கழட்டும்போதுதான் கவனம். மேல இருக்கிற பொத்தானை அழுத்திட்டுத்தான் இழுக்கணும். அழுத்தலைன்னா உள்ள இருக்கிற கொக்கி விடாது. வம்பா இழுத்தா போர்டையே பேத்துக்கிட்டு வந்துடும்."

"பழசை அப்படியே விட்டா என்ன குறைஞ்சுடும்?"

"புதுக் கம்ப்யூட்டர்ல அந்த ஓட்டையே இல்லம்மா. வெச்சு என்ன செய்வீங்க? இதுல இன்னொரு வசதி பாருங்க. நாலு திரைக்கு ஒரு சின்னப் பெட்டி போதும். பெட்டியிலேர்ந்து முதல் திரைக்கு வயர் போகும், அதுலேர்ந்து ரெண்டாவதுக்கு, அதுலேர்ந்து மூணாவதுக்கு. ஆளுங்க வரிசையா நின்னு செங்கல் கைமாத்துற மாதிரி."

"நடுவுல ஒருத்தன் மூக்கைச் சொறிஞ்சா?"

"அவனுக்கு அப்புறம் செங்கல் போகாது."

அறிவிப்பாளராக இருக்கும் பெண்ணும் அங்கே இருந்தார். நிலையத்தில் அவருக்குப் பெயர் மைக். ஸ்கிரீன்காரம்மாவைவிடப் பத்து வயது சிறியவர், வாய் மட்டும் பெரியது. "அக்கா, இனிமே கொண்டையில பூ வெச்சுக்கலாம், திருப்புளிக்கு வேலை போச்சு" என்றார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள், ஸ்கிரீன்காரம்மா உட்பட.

இன்ஜினியர் போனபிறகு மேலாளர் கதவைச் சாத்தினார். திரைகளைப் பராமரிப்பதும் இனி கம்பெனிதான் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மேலாளர் மல்லுக்கட்டி அதில் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்.

"முப்பது நாள் உங்க பொறுப்புல விடுறாங்க. எந்தத் திரையும் ஒரேயடியா பத்து நிமிஷத்துக்கு மேல அணையக் கூடாது. ஓட்டிக் காட்டிட்டீங்கன்னா உங்களையே வெச்சுக்குவாங்க. இல்லன்னா…"

"வீடு?"

"வேலை இல்லன்னா வீடு எப்படிம்மா?"

வேறு போக்கிடம் என்றால் தம்பி வீடுதான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

அன்று மாலை இன்ஜினியர் கழித்துப்போட்ட ஒரு வயரையும் உடைந்த திரை ஒன்றின் போர்டையும் ஸ்கிரீன்காரம்மா வீட்டுக்கு எடுத்துப் போனார். போர்டைக் கணவரின் மடியில் வைத்தார். செருகுவதும் கழற்றுவதுமாகச் சாப்பாட்டு நேரம்வரை பயிற்சி நடந்தது. கணவர் இடது கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி அழகாக உருவினார். ஸ்கிரீன்காரம்மாவின் விரல் ஒவ்வொரு தடவையும் முதலில் ஓரத்துக்குப் போய், இல்லாத திருகைத் தேடியது.

"அழுத்து. அப்புறம் இழு," என்றார் கணவர். குழறலிலும் அது தெளிவாக இருந்தது.

"வண்டி ஓட்டறப்போ கிளட்சை மிதிக்காம கியரைப் போட்டு எத்தனை தடவை திட்டு வாங்கினீங்க? எனக்குச் சொல்ல வந்துட்டீங்க."

கணவர் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் ஒரு திரை மக்கர் செய்தது. ஏணியில் நின்று, விரலால் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து, அழுத்தி, கழற்றி, மாட்டினார். இரண்டு நிமிடம். மூன்றாவது வாரம் முடிந்ததும் மேலாளர், "தேறிடுவீங்கம்மா" என்றார். சுவரில் மாட்டிய காலண்டரில் ஸ்கிரீன்காரம்மா ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தார். கணவர் அதை ஜன்னலோரத்திலிருந்தே எண்ணினார்.

இருபத்தாறாம் நாள் நீண்ட விடுமுறையின் தொடக்கம். காலை எட்டு மணிக்கே நிலையத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம் போலக் கூட்டம். நாற்பத்தைந்தாவது திரை மினுக்கியது. முகப்புக் கூடம் முடிந்து பின்பக்கத் தாழ்வாரம் திரும்பும் மூலையில் இருக்கும் திரை அது. பெட்டியிலிருந்து வரும் செங்கலை முதலில் வாங்கும் ஆள். நாற்பத்தாறு, ஏழு, எட்டு மூன்றும் மூலைக்கு அந்தப் பக்கம்.

"ஏம்மா, மணி தெரியல, நம்பர் தெரியல, இதுக்கு ஒரு டிவி!" என்று கீழிருந்து ஒருவர் கத்தினார். இன்னொருவர் ஏணியைப் பிடிக்கிறேன் என்று ஆட்டினார். ஸ்கிரீன்காரம்மா மேலே போய்த் திரைக்குப் பின்னால் கையை விட்டார். விரல் ஓரத்துக்குப் போனது. திருகு இல்லை. கை, பத்தொன்பது வருடமாகச் செய்த அடுத்த காரியத்தைச் செய்தது. இழுத்தது. வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தது.

கிளிக் என்ற சத்தம் இல்லை. பிஸ்கட் உடைவது போல ஒன்று. அது அவருக்குக் கேட்டது.

திரை அணைந்தது. ஸ்கிரீன்காரம்மாவின் தலை வேலை செய்தது: ஒரு திரை போயிற்று, மாற்றுத் திரை கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது, பத்து நிமிடத்தில் கொண்டுவந்து மாட்டிவிடலாம். ஒரு திரை. மூலையைத் தாண்டி எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. செங்கல் கதை அவருக்குத் தெரியாததல்ல. கேட்டு, சிரித்து, தலையாட்டியவர்தான். ஏணியிலிருந்து இறங்கும்போது அவர் மனதில் இருந்தது பழைய நிலையம்.

முகப்புக் கோடியில் இருக்கும் அந்த அறைவரை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். மாற்றுத் திரையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். வழியில் இடுப்பில் ஃபோன் அடித்தது. ஒன்று. இரண்டு. கழிப்பறை என்று நினைத்தார். மூன்று, நான்கு, ஐந்து. நிற்கவே இல்லை. கைதவறிப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டிருக்கிறார் போல என்று எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கியில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரைச்சல்தான் காதில் விழுந்தது. திரையை ஏற்றினார். மாட்டினார். புது வயரைச் செருகினார். படம் வந்தது.

மைக் தன் அறையை விட்டே ஓடி வந்திருந்தார்.

"எங்கக்கா போனே? தொண்டை கிழியக் கூப்பிட்டேனே! ஸ்கிரீன்காரம்மா பின்வாசலுக்கு வரவும், பின்வாசலுக்கு வரவும்னு மூணு தடவை!"

"இதோ வந்துடுச்சு பாரு. ஒண்ணுதானே?"

"ஒண்ணா? பின்னாடி மூணும் இருட்டுக்கா."

நாற்பத்தாறாவது திரைக்குப் போகும் வயர் மூலையில் மாட்டாமலே தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்க நடைமேடைகளில் எந்த வண்டி எங்கே என்று தெரியாமல் ஜனம் அங்கேயும் இங்கேயும் ஓடியிருந்தது. மூன்று வண்டிகள் பாதி காலியாகக் கிளம்பிப் போயின. விசாரணை ஜன்னலின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். நாற்பத்தெட்டாவது திரை அணைந்ததைத் தன் ஜன்னலிலிருந்து முதலில் பார்த்தவர் ஃபோனை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தச் செய்திக்கு அவர்களிடம் மணி எண்ணிக்கை இல்லை.

மேலாளர் அறையில் ஸ்கிரீன்காரம்மா உட்காரவில்லை.

"ஒன்பது நிமிஷம்னு எழுதிடுங்க சார்."

"நான் எழுதலம்மா. பெட்டியே கம்பெனிக்கு எழுதி அனுப்பிடுச்சு. இருபத்திரண்டு நிமிஷம், பதினாலு செகண்ட்."

"முன்னாடி ஒரு தடவை மழையில ரெண்டு மணி நேரம் அணைஞ்சதே. நீங்கதானே விடுங்கம்மான்னீங்க?"

"அந்த வயர் யாரையும் போட்டுக் கொடுக்காது. இது கொடுக்குது. நான் என்ன செய்யட்டும்?"

மறுநாள் இன்ஜினியர் வந்து பார்த்தார். பெட்டியின் பக்கம் முனை சரியாக மாட்டியிருக்கவில்லை. கம்பெனி ஆட்கள் கிளிக் வரும்வரை தள்ளாமல் விட்டிருக்கிறார்கள். மினுக்கியது அதனால்தான். ஸ்கிரீன்காரம்மா ஏறி இழுத்திருக்கவே தேவையில்லை. இதை இன்ஜினியரே வாய்விட்டுச் சொன்னார், வருத்தமாகவும் சொன்னார்.

"அப்போ அதை எழுதுங்க சார்."

"மினுக்கினது பதிவாகாதும்மா. அணைஞ்சதுதான் பதிவாகும்."

மீதி நான்கு நாளும் அவர் வேலைக்கு வந்தார். திரைகள் எரிந்தன. காலண்டரில் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

முப்பதாம் நாள் பழைய நீல வயர்களைச் சுருட்டி மூட்டை கட்டினார்கள். பிளாஸ்திரிகள் அப்படியே இருந்தன. மைக் மூட்டையைக் காட்டி, "ஒண்ணு வேணும்னா எடுத்துக்கோக்கா, ஞாபகத்துக்கு" என்றார்.

"ஞாபகத்தை எங்க கொண்டுபோய் மாட்டுறது? அங்கயும் அந்த ஓட்டை இல்லடி."

மைக் மூட்டையை மறுபடி இறுக்கிக் கட்டினார்.

வீட்டில் இரண்டு அறைச் சாமானும் ஏழு அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டன. நாற்காலியை மட்டும் ஜன்னலோரத்திலிருந்து எடுக்கவில்லை. கணவர் எதிரே பார்த்துக்கொண்டு, "மாடி ஜன்னல்ல என்ன தெரியும்?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டபிறகுதான் புரிந்தது.

"பக்கத்துக் கட்டடத்துச் சுவரு."

கணவர் தன் வலது காலைப் பார்த்துவிட்டு, "ஏத்திடுவாங்க. எறக்கறது யாரு?" என்றார்.

"எறங்கி எங்க போகப் போறீங்க?" என்று வழக்கம்போலச் சட்டென்று சொல்லிவிட்டு, ஸ்கிரீன்காரம்மா எட்டாவது பெட்டி எதுவும் இல்லாதபோதும் எழுந்து போய்க் கயிற்றைத் தேடினார்.

திங்கட்கிழமை கம்பெனி ஆள் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பை ஏற்கிறார். அதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை ஆறு மணிக்கு, சரக்குப் பிரிவின் சுமை தூக்குபவர்கள் இருவர் வந்து, ஸ்கிரீன்காரம்மாவின் கணவரை நாற்காலியோடு தூக்கி, தம்பி வீட்டின் ஐம்பத்து நான்கு படிகளையும் ஏற்றி விடுவார்கள்.