பாஸாகாத வில்

லூர்துசாமியிடம் எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிக்காமல் திருப்பித் தரமாட்டார். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில், வந்திறங்கும் சாமான்களைப் பரிசோதித்துப் பாஸ் போடுவதுதான் அவருக்கு வேலை. அங்கே அந்தக் குணத்துக்கு நல்ல பேர். வீட்டில் சாம்பாருக்கும் பாஸ் போடுவார், அதுதான் தொல்லை.

மனைவி எஸ்தர் பாளையங்கோட்டைக் கல்லூரியில் வில் பழகியவள். கல்யாணமாகிப் புனே வந்ததோடு எல்லாம் போயிற்று. ஒருநாள் டிவியில் வில் போட்டி பார்த்துக்கொண்டிருந்தவள், "இன்னொரு தடவ இழுத்துப் பாக்கணும்னு ஆசையா இருக்குங்க" என்றாள். அவள் தனக்கென்று ஆசைப்பட்டதே அபூர்வம். மனுஷர் உடனே, நானே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மரக்கடையில் ஆஷ் மரப் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மரத்தின் ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விலகாமல் ஓட வேண்டும். நடுவில் விலகினால் அங்கேதான் முறியும். பலகை வாங்க வந்தீர்களா, பெண் பார்க்க வந்தீர்களா என்று கடைக்காரர் ஹிந்தியில் கேட்டேவிட்டார்.

பால்கனிதான் பட்டறை. எஸ்தரின் கை நீளத்தை அளந்து, பலகையில் கோடு போட்டு அறுத்து, நடுவில் பிடிக்குக் கனம் விட்டு, முனைகளை நோக்கி மெலிதாக்கினார். கயிறு கட்டிக் கொஞ்சமாக வளைப்பார். எங்கே வளைய மறுக்கிறதோ அங்கே சீவுவார். மறுபடி வளைப்பார். துணி காயப்போட இடமில்லை என்று எஸ்தர் ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் வில் முழுசாக வளைந்தது. எஸ்தர் வாங்கி இழுத்தாள். முகமே மாறிப்போயிற்று. அப்படியொரு சிரிப்பை அவர் பார்த்து எத்தனையோ காலம்.

"அருமையா இருக்குங்க. போதும், தாங்க."

"இரு இரு. கீழ்ப்பாதி கொஞ்சம் விறைப்பா நிக்குது பாரு."

"அப்படித்தாங்க இருக்கணும். கை நடுவுக்குக் கீழ பிடிக்கும்லா? அந்த அமுக்கத்துக்குக் கீழ்ப்பாதி விறைப்பா இருந்தாத்தான் அம்பு நேராப் போகும்."

"ரெண்டு பக்கமும் ஒண்ணா வராம நான் பாஸ் பண்ண மாட்டேன்" என்று சொல்லி, அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கீழே சீவினார். அது அதிகமாக வளைந்தது. சரிக்கட்ட மேலே சீவினார். ஆடுகிற நாற்காலிக்கு ஒவ்வொரு காலாக அறுத்தவன் கதைதான். எஸ்தர் இரண்டு மூன்று தடவை கேட்டாள். "இன்னும் ஒரு சீவல்தான்" என்றார். அப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்காததையும் அவர் கவனிக்கவில்லை.

மழைக்காலத்தில் எஸ்தரின் வலது தோள் இறுகிவிட்டது. கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. இவளைப் போலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படி வருவதுண்டு, எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

லூர்துசாமிக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. வில் தயாரென்றால் அவளுக்கும் தெம்பு வரும் என்று நினைத்து, வானவடிப் பக்கம் வில் சொல்லித்தரும் ஷிண்டேயிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஷிண்டே வளைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கீழ்ப்பாதியை ஏன் சாப் இப்படிச் சீவினீங்க? அது கொஞ்சம் விறைப்பா இருக்கணும். இப்ப வில்லுல உயிரே இல்ல. சின்னப் பிள்ளைங்க விளையாடலாம்."

சீவினதைத் திரும்ப ஒட்டவா முடியும்? பைக்கில் வீடு வருகிற வழியெல்லாம் அந்தக் கிறிஸ்துமஸ் சிரிப்புதான் கண்ணில் நின்றது. பாவி, அன்றைக்கு விட்டிருந்தால் ஆறு மாதம் ஆசைதீர அம்பு விட்டிருப்பாளே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

எஸ்தருக்குக் கை எழும்பாததால் தலை வாரிவிடுவது இப்போது அவர்தான். அன்று சாயங்காலம் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டே, தொண்டையைச் செருமினார்.

"எஸ்தரு, நீ சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல."

அவள் திரும்பவில்லை. கோபமோ குத்தலோ அந்தக் குரலில் இல்லை. இத்தனை வருஷத்தில் எதை என்று நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"எத சொல்லுதீய?"