சித்தி வந்த வருஷத்து மழை

எங்கள் உறையூர் வீட்டில் எது கெட்டாலும் அத்தைக்குப் பழிபோட ஓர் ஆள் வேண்டும். பால் திரிந்தால் அம்மா, ஃபேன் நின்றால் நான். காவிரி வறண்ட வருஷம் மாட்டிக்கொண்டவர், தை மாதம் கல்யாணமாகி வந்த சித்தி.

ஆடிப்பெருக்கன்று டவுன் பஸ் பிடித்துக் காவிரிக்கரை அம்மா மண்டபம் போனோம். படித்துறைக்குக் கீழே வெறும் மணல். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவதற்காகப் போர் தண்ணீரைக் குழாயில் விட்டிருந்தார்கள். சித்தி அதில் ஒரு செம்பு பிடித்து மஞ்சள் கயிற்றை நனைத்தபோது, அத்தை படித்துறைக்கே கேட்கும்படி சொன்னார்: "வந்த நேரம் அப்படி. ஆறே வத்திப் போச்சு."

சித்தி தலையைக் குனிந்துகொண்டார்.

சித்தப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். தன் அக்காவான அத்தைக்கு எதிரே அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று திறந்தார்.

"இவ என்னக்கா பண்ணுவா? தென் அமெரிக்காப் பக்கம் பசிபிக் கடல் சூடாகியிருக்கு. அது சூடானா குடகுல மழை குறையும். குடகுல பெய்யலைன்னா இங்க ஏது தண்ணி? ஆனா ஐப்பசியில நமக்குக் கொட்டும், பாருங்க."

"எங்கேயோ கடல் சுட்டா இங்க ஆறு வத்துமா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறான்!" என்று அத்தை சிரித்தார். எனக்கோ உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து அட்லஸை விரித்து, சூடு தெரிகிறதா என்று பசிபிக் கடலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

ஐப்பசியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர், ஸ்கூல் லீவு. வறண்டு கிடந்த எங்கள் கிணறு கைக்கெட்டும் அளவுக்கு நிறைந்துவிட்டது. அத்தை எட்டிப் பார்த்தார். சித்தப்பா இப்போது கடலைப் பற்றிச் சொல்வார் என்று நான் பஜ்ஜித் தட்டோடு காத்திருந்தேன்.

"எல்லாம் இவ வந்த நேரந்தான்க்கா" என்றார் அவர்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பசிபிக் கடல்னு சொன்னீங்களே சித்தப்பா!" என்று கத்தினேன். தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்து என் வாயில் திணித்தார்.

அத்தை கிணற்றையும் சித்தியையும் மாறிமாறிப் பார்த்தார். "சரி, ஒரு வாய் காப்பி போடும்மா" என்றார்.

காப்பி கொண்டுவந்த சித்திக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பேப்பர் படித்த மனுஷர் அறிவியலை இப்படி மறந்துவிட்டாரே என்று, சித்தப்பாவுக்காக நான் வெகுநாள் வருத்தப்பட்டேன்.